பத்தியக் கறியில் இருந்து முதல் வாய்ச் சோறு வரை: பிள்ளையின் நாக்கைப் பழக்குவது எப்படி

"மிஸ், இவன் ஒரு வாய்கூடச் சாப்பிடுறான் இல்லை." நான் வேலை செய்த காலம் முழுக்கக் கிளினிக்கில் கூடுதலாகக் கேட்ட முறைப்பாடு இதுதான். இலங்கையில் யாழ்ப்பாணத்து வலிகாமப் பக்கக் கிராமங்களில் பொதுச் சுகாதார மருத்துவமாதுவாக இருந்தேன். இப்போது ஓய்வு. ஆனாலும் அயலில் ஒரு பிள்ளை வயிற்றில் தங்கினால், யாராவது படலையைத் திறந்துகொண்டு வருவார்கள். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பிள்ளைக்கு ஒன்றரை வயதான பிறகு, சாப்பாட்டுக் கோப்பையோடு வீடு முழுக்க ஓடிக் களைத்த பிறகுதான் வருகிறார்கள். கொஞ்சம் முந்தி வந்திருந்தால் நல்லது. எவ்வளவு முந்தி என்றால், பிள்ளை பிறக்கமுதலே.

பிள்ளைக்கு என்ன பிடிக்கும், எவ்வளவு வேண்டும் என்ற இரண்டும் வேறு வேறு விஷயங்கள். முதலாவதை அம்மா நிறையப் பழக்கலாம். இரண்டாவதில் அம்மா கை வைக்காமல் இருப்பதுதான் நல்லது. எங்கள் ஊரில் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். என்ன கொடுப்பது என்பதைப் பிள்ளையின் அடத்துக்கு விட்டுவிட்டு, எவ்வளவு என்பதில் சண்டை பிடிக்கிறோம்.

வயிற்றில் இருக்கும்போது

மூன்றாம் மாத அளவில் பிள்ளை தன்னைச் சுற்றியுள்ள பன்னீர்க்குடத்து நீரை விழுங்கத் தொடங்குகிறது. கடைசி மாதங்களில் ஒரு நாளைக்கு அரை லீற்றருக்கு மேல் விழுங்கும். அம்மா சாப்பிடுகிற சாப்பாட்டின் மணம் அந்த நீரில் இறங்கும். அமெரிக்காவில் பிலடெல்பியாவிலுள்ள மொனெல் ஆய்வு நிலையத்தின் ஜூலி மெனெல்லாவும் கூட்டாளிகளும் 1995இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பன்னீர்க்குடத்து நீர் எடுத்துச் சோதிக்க வந்த தாய்மாரில் சிலருக்கு உள்ளிக் குளிசை கொடுத்தார்கள். பிறகு எடுத்த நீரை வேறு ஆட்களிடம் மணந்து பார்க்கச் சொன்னார்கள். உள்ளி சாப்பிட்டவரின் நீர் எது என்று பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிட்டார்கள்.

அதே மெனெல்லா 2001இல் வெளியிட்ட கரட் ஆய்வு இன்னும் தெளிவானது. ஒரு பகுதித் தாய்மார் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில், கிழமைக்கு 4 நாள் வீதம் 3 கிழமைக்கு, நாளுக்கு 300 மில்லிலீற்றர் கரட் சாறு குடித்தார்கள். இன்னொரு பகுதியினர் பிள்ளை பிறந்து பால் கொடுக்கும் காலத்தில் குடித்தார்கள். மற்றவர்கள் வெறும் தண்ணீர். பிள்ளைகள் திண்ம உணவு தொடங்கியபோது, கரட் கலந்த கஞ்சியைக் கண்டு முகம் சுளித்தது, தண்ணீர் குடித்த தாய்மாரின் பிள்ளைகள்தான் கூட. 2022இல் இங்கிலாந்தின் டேர்ஹாம் பல்கலைக்கழகத்தார் ஸ்கான் படத்திலேயே பார்த்தார்கள். அம்மா கரட் குளிசை விழுங்கிக் கொஞ்ச நேரத்தில் வயிற்றுப் பிள்ளையின் முகம் சிரிக்கிற மாதிரி விரிந்தது. கேல் என்ற கசப்புக் கீரைக் குளிசைக்கு அழுகிற மாதிரிச் சுருங்கியது. சிரிப்பு, அழுகை என்று சொல்வது கொஞ்சம் கூடத்தான். சின்ன முகத்தின் தசை அசைவு, அவ்வளவே. ஆனால் பிள்ளைக்கு வித்தியாசம் தெரிகிறது என்பதில் சந்தேகமில்லை.

சரி, செய்ய வேண்டியது என்ன? சத்தி நின்று வாய் திரும்பிய பிறகு, அதாவது ஐந்தாம் ஆறாம் மாதத்தில் இருந்து, நாளைக்குப் பிள்ளை எதைச் சாப்பிட வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்களோ அதை நீங்கள் சாப்பிடுங்கள். வெளிநாட்டு மரக்கறி ஒன்றும் தேவையில்லை. எங்கள் யாழ்ப்பாணத் திருநெல்வேலிச் சந்தையில் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும்: முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை, பயித்தங்காய், வெண்டிக்காய், பூசணி, பாவற்காய், வாழைப்பூ. கீரையைக் கடைந்தோ வறையாகவோ ஒவ்வொரு நாளும். பாவற்காயைப் பொரித்துப் பால்விட்டாவது கிழமைக்கு ஒரு தரம். கசப்பும் துவர்ப்பும் பிள்ளை பிறவியிலேயே விரும்பாத சுவைகள். இனிப்பை யாரும் பழக்கத் தேவையில்லை, அது வரும்போதே இருக்கிறது. ஆகவே பழக்கத்தைக் கசப்பில் செலவழியுங்கள்.

மசக்கையில் தண்ணீரே நிற்காத தாய்க்கு இதெல்லாம் பொருந்தாது. அந்த நேரத்தில் எது வயிற்றில் நிற்கிறதோ அதுதான் சாப்பாடு. பிறகு பார்க்கலாம். இன்னொன்று: கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். தேயிலை இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும்.

பத்தியம்: எதை வைத்திருப்பது, எதை விடுவது

பிள்ளை பிறந்த வீட்டில் அம்மியடியில் ஒரு மணம் வரும். கொத்தமல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு எல்லாம் வறுத்து, உள்ளியும் வைத்து அரைப்பார்கள். அந்தச் சரக்கில் காய்ச்சிய குழம்பும் நல்லெண்ணெயும் சுடுசோறும்தான் துடக்குக் கழிக்கும் வரைக்கும் பிள்ளை பெற்றவளின் சாப்பாடு. சில வீடுகளில் அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் நீளும்.

இந்தச் சரக்கை நான் ஒரு நாளும் விடச் சொன்னதில்லை. உள்ளி மணம் பாலுக்கு வரும், பிள்ளை குடிக்காது என்று இப்போது சில இளம் தாய்மார் பயப்படுகிறார்கள். நடப்பது மறுவளம். 1991இல் மெனெல்லாவும் பொஷம்ப் என்பவரும் பால் கொடுக்கும் தாய்மாருக்கு உள்ளிக் குளிசை கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு மணித்தியாலத்தில் பாலில் மணம் உச்சத்துக்கு வந்தது. அந்த நேரத்தில் பிள்ளைகள் மார்பில் கூடுதல் நேரம் நின்று உறிஞ்சின. ஆனால் அவர்களே பிறகு செய்த ஆய்வில், அம்மா நாள் தவறாமல் உள்ளி சாப்பிட்டுப் பழகியிருந்தால் அந்தப் புதினம் பிள்ளைக்கு இல்லாமல் போனதைக் கண்டார்கள். அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிள்ளையை இழுப்பது மாற்றம். ஒவ்வொரு நாளும் ஒரே சரக்குக் கறி என்றால், பிள்ளையும் ஒவ்வொரு நாளும் ஒரே பாடத்தைத்தான் படிக்கிறது.

உறைப்பைப் பற்றியும் கேட்பார்கள். ஜேர்மனியில் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2021இல், கறி சாப்பிட்ட தாய்மாரின் பாலைச் சோதித்தார்கள். மிளகின் காரப் பொருளான பைப்பரின் ஒரு மணித்தியாலத்துக்குள் பாலில் தெரிந்தது. பல மணி நேரம் நின்றது. ஆனால் எங்கள் நாக்குக்கு உறைக்கத் தேவையான அளவோடு பார்த்தால் அது மிக மிகக் குறைவு. மிளகாயின் உறைப்புப் பொருள் பாலில் காணப்படவில்லை. ஆகவே மிளகு ரசம் குடித்தால் பிள்ளைக்கு வயிறு எரியும் என்ற கதையை விட்டுவிடுங்கள். உங்களுக்கு எரிந்தால் குறையுங்கள், அது உங்கள் வயிற்றுப் பாடு.

பத்தியத்தின் பிழை அதில் இருப்பதில் அல்ல, அதில் இல்லாததில் இருக்கிறது. கத்தரிக்காய் கிரந்தி. பூசணி குளிர். பயறு வாய்வு. தயிர் கூடாது, தக்காளி கூடாது, மாம்பழம் சூடு, வாழைப்பழம் சளி. இப்படி ஒவ்வொன்றாக வெட்டி வெட்டி, கடைசியில் பிள்ளை பெற்றவளுக்குச் சோறும் குழம்பும் ஒரு துண்டு மீனும்தான் மிஞ்சும். பால் கொடுக்கிறவளுக்கு வழமையை விட நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக வேண்டிய நேரத்தில், சாப்பாட்டைக் குறைக்கிறோம். பாலுக்கு வரும் மணத்தையும் குறைக்கிறோம். பிள்ளை வயிற்றுக்குத்து என்று அழுவதற்கும் அம்மா சாப்பிட்ட கத்தரிக்காய்க்கும் பெரும்பாலும் ஒரு தொடர்பும் இல்லை. முதல் மூன்று மாதம் பின்னேரங்களில் பல பிள்ளைகள் அழத்தான் செய்யும், அம்மா எதைச் சாப்பிட்டாலும். மாட்டுப்பாலின் புரதம் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள். மலத்தில் இரத்தம், விடாத தோல் அரிப்பு, எடை கூடாமை என்று அடையாளம் காட்டும். அதை வைத்தியர்தான் முடிவு செய்ய வேண்டும், பக்கத்து வீட்டு ஆச்சி அல்ல.

மாமியோடு சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. பத்தியக் கறி வைப்பது அவரது அன்பு. அதை மறுத்தால் மனம் நோகும். அதனால் எதையும் எடுக்க வேண்டாம், சேர்க்க மட்டும் கேளுங்கள். முதல் கிழமை: "மாமி, இந்தச் சரக்கிலேயே முருங்கையிலையும் போடுவமே?" முருங்கையிலைக்கு எந்த மாமியும் மறுப்புச் சொன்னதை நான் காணவில்லை. அடுத்த கிழமை பயித்தங்காய். பிறகு பூசணியை மிளகு போட்டுச் சமைக்கலாம். மிளகு சேர்ந்தால் குளிர் போய்விடும் என்பது அவர்களுடைய கணக்கே. பழத்துக்கு இடம் வராவிட்டால், "கிளினிக் மிஸ் கட்டாயம் சாப்பிடச் சொன்னவ" என்று என் தலையில் போடுங்கள். எத்தனையோ பேர் போட்டிருக்கிறார்கள்.

எந்தச் சாப்பாட்டின் மணம் எத்தனை மணிக்குப் பாலுக்கு வரும் என்று கணக்குப் பார்க்காதீர்கள். டென்மார்க்கில் பார்த்தபோது வாழைப்பழ மணப் பொருள் ஒரு மணித்தியாலத்துக்குள் வந்து போய்விட்டது. சீமைச் சீரகத்தின் மணமும் சோம்பின் மணமும் இரண்டு மணித்தியாலத்தில் உச்சத்துக்கு வந்தன. மெந்தோல் எட்டு மணி நேரம் வரை நின்றது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. நாள் முழுக்கப் பல வகையாகச் சாப்பிட்டால் அது தானாகவே நடக்கும்.

சுறாவைப் பற்றி ஒரு வார்த்தை. பால் சுரக்கும் என்று சுறா வறை கொடுப்பது எங்கள் வழக்கம். பெரிய சுறாக்களில் பாதரசம் சேர்வதால் கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வெளிப்படையாகவே சொல்கிறது. குருநகரிலோ பாசையூரிலோ மீன் வாங்குகிறீர்கள் என்றால் காரல் வாங்குங்கள். காரல் சொதியும் பால் கொடுக்கிறவளுக்கென்றே எங்கள் அம்மாமார் வைத்ததுதான். சின்ன மீன், முள்ளோடு காய்ச்சுவது, பாதரசப் பயம் இல்லை. சூடை, நெத்தலியும் அப்படியே. மீன் சாப்பிடும் தாயின் பாலில் மூளை வளர்ச்சிக்குத் தேவையான கொழுப்பும் கூடும். ஆனால் பால் ஊறுவது சுறாவாலும் இல்லை, காரலாலும் இல்லை. பிள்ளை அடிக்கடி சரியாகப் பிடித்துக் குடித்து மார்பு வெறுமையானால்தான் ஊறும். சாப்பாடு உங்கள் உடம்பைத் தாங்கும், பாலின் மணத்தை மாற்றும். அவ்வளவுதான் அதன் வேலை.

சைவச் சாப்பாட்டு வீடுகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மரக்கறி மட்டும், அதோடு பாலும் தயிரும்கூடப் பத்தியம் என்று விட்டால், தாய்க்கு விற்றமின் பி12 குறையும். அந்தக் குறை பாலிலும் வரும். அப்படியான பிள்ளைக்கு நாலைந்து மாதத்தில் பால் குடிக்கும் ஆர்வம் குறைந்து, சோர்ந்து, சிரித்த பிள்ளை சிரிக்காமல் போகலாம். இது பிடிவாதம் அல்ல, நோய். மாமிசம் சாப்பிடாத தாய்மார் பால், தயிர் ஒவ்வொரு நாளும் எடுங்கள், முட்டை பரவாயில்லை என்றால் முட்டையும் எடுங்கள், கிளினிக்கில் பி12 பற்றிக் கேளுங்கள்.

பால் குடிக்கும் காலம்: அளவைப் பிள்ளைக்கு விடுங்கள்

இலங்கையில் 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளில் 82 வீதம் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். உலகத்தில் பெருமைப்படக்கூடிய கணக்கு இது. ஆறு மாதம் வரை தண்ணீர், சீனித்தண்ணி, கிரைப் வாட்டர் ஒன்றும் வேண்டாம். தேன் ஒரு வயது வரைக்கும் கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி குழந்தையின் நரம்பைத் தாக்கும்.

மார்பில் குடிக்கும் பிள்ளை எவ்வளவு குடித்தது என்று யாருக்கும் தெரியாது. அது நல்லது. போதும் என்றால் வாயை விடும், தலையைத் திருப்பும், பொத்திய கை தானாக விரியும். பசித்தால் அழமுதலே கையை வாய்க்குக் கொண்டுபோகும், நாக்கை நீட்டும், தலையை இரண்டு பக்கமும் திருப்பித் தேடும். இந்த அடையாளங்களைப் பார்த்துக் கொடுத்தும் நிறுத்தியும் வந்தால், "பசி இது, போதும் இது" என்ற பழக்கம் பிள்ளைக்கு அப்படியே நிற்கும்.

போத்தில் என்றால் அம்மாவின் கண் போத்திலின் கோட்டில் போய் நிற்கும். "இன்னும் ஒரு அவுன்ஸ் கிடக்கு" என்று சூப்பியை வாய்க்குள் ஆட்டி ஆட்டி முடிப்பார்கள். அமெரிக்காவில் 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முதல் மாதங்களில் மார்பில் மட்டும் குடித்த பிள்ளைகளில் 27 வீதம்தான் ஒரு வயதை நெருங்கும்போது போத்திலையோ கப்பையோ அடிவரை முடித்தார்கள். போத்திலில் மட்டும் குடித்தவர்களில் அது 68 வீதம். போத்திலில் இருந்தது தாய்ப்பாலா பால்மாவா என்பது அதில் பெரிய வித்தியாசம் செய்யவில்லை. பழக்கம் போத்திலில் இருந்து வருகிறது.

வேலைக்குப் போகிற தாய்மார் பாலை எடுத்து வைத்துவிட்டுப் போங்கள். பிள்ளையை வைத்திருப்பவர் சின்னக் கப்பால் கொடுக்கட்டும். பிள்ளையைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்து, கப்பின் விளிம்பு கீழ் உதட்டில் படும்படி வைத்தால் பிள்ளை தானே நக்கிக் குடிக்கும். வாய்க்குள் ஊற்றக் கூடாது. அம்மம்மாமாருக்கு முதல் நாள் பயமாக இருக்கும், மூன்றாம் நாள் அவர்களே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். எங்கள் வெயிலில் பாலை நாலு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்க வேண்டாம். குளிர்சாதனப்பெட்டி இருந்தால் நாலு நாள் வரைக்கும் வைக்கலாம், கதவுப் பக்கம் அல்ல, உள்ளே.

ஏதோ காரணத்தால் பால்மா கொடுக்கிற தாய்மார் இதை வாசித்து மனம் சோர வேண்டாம். பால்மா ஒவ்வொரு நாளும் ஒரே சுவை, அதனால் உங்கள் பிள்ளைக்குச் சுவைப் பழக்கம் கொஞ்சம் பிந்தித் தொடங்குகிறது. ஆறு மாதத்தில் இருந்து நீங்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக மாற்றி மாற்றிக் கொடுங்கள். கொடுக்கும்போது இடையில் நிறுத்தி நிறுத்தி மூச்சு விட இடம் கொடுங்கள். மிச்சம் கிடந்தால் ஊற்றிவிடுங்கள்.

ஆறு மாதம்: முதல் வாய்

நல்லூர்க் கோயிலிலோ சந்நிதி கோயிலிலோ முதல் சோறு தீத்தி வந்த மறுநாள் கதை தொடங்கும். எங்கள் வீடுகளில் முதல் உணவாகக் கடையில் வாங்கிய றஸ்க்கையோ பிஸ்கட்டையோ பாலில் கரைத்துக் கொடுக்கிறார்கள். அது எந்தப் பிள்ளைக்கும் பிடிக்கும். அதுதான் சிக்கல். ஆறு மாதத்தில் இருந்து ஒரு வயது வரையுள்ள காலம் பிள்ளை வாய்க்குள் வருவதையெல்லாம் ஏற்றுக்கொள்ளும் பொற்காலம். ஒன்றரை, இரண்டு வயதில் புதிது என்றாலே வேண்டாம் என்ற குணம் வரும். அந்தப் பொற்காலத்தை இனிப்பு பிஸ்கட்டில் செலவழித்தால், பிறகு கீரையோடு ஓட வேண்டியதுதான்.

தனிச் சமையல் வேண்டாம். வீட்டுக் கறியில் உப்பும் மிளகாய்த்தூளும் போடமுதல் பிள்ளைக்கு எடுத்து வையுங்கள். சோறும் பருப்பும் குழைய அவித்து, கடைசியில் ஒரு பிடி முருங்கையிலையை நரம்பு நீக்கிப் போட்டு, மத்தால் கடையுங்கள். இறக்கும்போது அரைத் தேக்கரண்டி நல்லெண்ணெய் அல்லது கொஞ்சம் தேங்காய்ப்பால். நற்சீரகம், உள்ளி, மஞ்சள் போடலாம். நீங்கள் பத்தியக் கறி சாப்பிட்ட காலத்தில் பிள்ளை அறிந்த மணம்தான் அது. பதம் பார்ப்பது இப்படி: கரண்டியைச் சரித்தால் உடனே வழிந்து ஓடக் கூடாது, கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஓடுகிற கஞ்சியில் தண்ணீர்தான் கூட, சின்ன வயிறு அதிலேயே நிரம்பிவிடும்.

முதல் நாள் இரண்டு மூன்று தேக்கரண்டி போதும். இனி பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். முருங்கையிலைக் கடையல் நாக்கில் பட்டதும் மூக்கு சுருங்கும், புருவம் ஏறும், மேலுதடு தூக்கும், சில பிள்ளைகள் ஒரு சிலுப்புச் சிலுப்பும். நாக்கு பாதியை வெளியே தள்ளும். இந்த இடத்தில்தான் அம்மம்மா "ஐயோ பிள்ளைக்குப் பிடிக்கேல்லை, விடு" என்பார். விடாதீர்கள், திணிக்கவும் செய்யாதீர்கள். கரண்டியை உதட்டுக்கு ஒரு விரல் தூரத்தில் பிடித்துக்கொண்டு சும்மா இருங்கள். முகம் இன்னும் கோணியிருக்கும்போதே, பல பிள்ளைகள் வாயைத் திறந்து கரண்டியை நோக்கிச் சாயும். 2007இல் மெனெல்லாவும் பொரெஸ்டெல் என்பவரும் போஞ்சியை வைத்து இதைத்தான் கண்டார்கள். எட்டு நாள் தொடர்ந்து கொடுத்த பிறகு பிள்ளைகள் முன்பை விட நன்றாகக் கூடச் சாப்பிட்டன, முகச் சுளிப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. சுளிப்பைப் பார்க்காதீர்கள், வாய் திறக்கிறதா என்று பாருங்கள். வாயை இறுக்கி மூடித் தலையைத் திருப்பினால் அன்றைக்குச் சரி, முடிந்தது. இரண்டு நாள் விட்டு மறுபடியும்.

எத்தனை தரம்? பிரான்சிலும் ஜேர்மனியிலும் அதே 2007இல் வந்த ஓர் ஆய்வில், பிள்ளைக்குப் பிடிக்காது என்று அம்மாவே சொன்ன மரக்கறியை ஒன்றுவிட்ட ஒரு நாளாக 8 தரம் கொடுக்கச் செய்தார்கள். 70 வீதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் கடைசியில் அதைப் பிடித்த மரக்கறிக்குச் சமனாகச் சாப்பிட்டன. பெரும்பாலான தாய்மார் இரண்டாம் மூன்றாம் தரத்தோடு கைவிடுகிறார்கள். ஆகவே எட்டு என்ற எண்ணை மனதில் வையுங்கள். பிறந்த மாதம் முதல் தாய்ப்பால் குடித்த பிள்ளை, அம்மாவும் அந்த மரக்கறியைச் சாப்பிட்டிருந்தால், இன்னும் கெதியாகப் பழகும்.

இரும்புச்சத்தை மறக்கக் கூடாது. பிறக்கும்போது கொண்டுவந்த கையிருப்பு ஆறு மாத அளவில் தீர்ந்துகொண்டு வரும். இரும்பு குறைந்த பிள்ளைக்குப் பசியும் குறையும். பசி இல்லாததால் சாப்பிடாது, சாப்பிடாததால் இன்னும் குறையும். சுழல்தான். முள் பார்த்து எடுத்த மீன், நன்றாக அவித்த முட்டை, கோழி ஈரல் எல்லாம் ஆறு மாதத்துக்குப் பிறகு தொடங்கலாம், ஒரு வயதுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. பயறு, கௌப்பி சாப்பிடும்போது ஒரு துளி தேசிக்காய்ப்புளி விட்டால் இரும்பு நன்றாகச் சேரும். தேத்தண்ணி கூடாது, பிளேன்டீயில் பிஸ்கட் தோய்த்துக் கொடுப்பதும் கூடாது. சொல்லிச் சொல்லி வாய் வலித்த விஷயம் இது.

பிளெண்டரை எட்டாம் மாதத்தோடு மேலே தூக்கி வையுங்கள். பிரித்தானியாவில் பிரிஸ்டல் பக்கத்துப் பிள்ளைகளை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்த ஆய்வில், பத்து மாதத்துக்குப் பிறகே கட்டி கட்டியான உணவைக் கண்ட பிள்ளைகள் சாப்பாட்டில் கூடுதல் தொல்லை கொடுத்தன. கையால் பிசைந்த சோறு, சொதியில் ஊறிய இடியப்பம், அவித்த வற்றாளைக் கிழங்கு, நீளமாக வெட்டிய பப்பாப்பழம், இதரை வாழைப்பழம். பிள்ளை கையால் எடுத்துப் பிசையட்டும். நிலத்தில் ஒரு பேப்பரை விரித்துவிடுங்கள், முடிந்தது.

நேரக் கணக்கு இவ்வளவுதான்: எட்டு மாதம் வரை நாளுக்கு 2 அல்லது 3 தரம், ஒன்பதாம் மாதத்தில் இருந்து 3 அல்லது 4 தரம், பசித்தால் இடையில் பழம் போல ஏதாவது. தாய்ப்பால் இரண்டு வயது வரையும் அதற்கு மேலும்.

"சாப்பிடுறான் இல்லை"

இனித் தொடங்கிய இடத்துக்கு வருவோம். பிறந்த எடை சுமார் ஐந்து மாதத்தில் இரட்டிக்கும், ஒரு வயதில் மும்மடங்காகும். மூன்று கிலோவில் பிறந்த பிள்ளை முதல் வருடத்தில் ஆறு கிலோ கூடும். இரண்டாம் வருடத்தில் இரண்டு, இரண்டரைக் கிலோதான். அப்படியென்றால் பசி குறையத்தானே வேண்டும்? ஒரு வயதுப் பிள்ளை முந்தி சாப்பிட்ட அளவு சாப்பிடவில்லை என்பது பெரும்பாலும் உடம்பு சரியாகக் கணக்குப் பார்க்கிறது என்பதன் அடையாளம். எடை பார்த்து வளர்ச்சிப் புத்தகத்தின் கோட்டோடு ஒப்பிடுங்கள். கோடு தன் பாதையில் ஏறிக்கொண்டு போனால் கோப்பையில் கிடக்கும் மிச்சத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்.

வீட்டில் நான் சொல்வது: என்ன, எப்போது, எங்கே இருந்து என்பது அம்மாவின் முடிவு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் முடிவு. பாய் விரித்து எல்லோரும் இருக்கும்போது பிள்ளைக்கும் ஒரு கோப்பை. போன் வேண்டாம். காட்டூன் பார்த்துக்கொண்டு வாய் திறக்கிற பிள்ளை, தான் சாப்பிடுகிறதை அறியாது, வயிறு நிறைந்ததையும் அறியாது. நீங்கள் நிறுத்தும் வரை வாய் திறக்கும், போன் இல்லாவிட்டால் திறக்காது. பழகிவிட்டால் ஒரே நாளில் பறிக்காதீர்கள். முதலில் காலைச் சாப்பாட்டை மட்டும் போன் இல்லாமல் செய்யுங்கள், இரண்டு கிழமை கழித்து மத்தியானம். முதல் சில நாள் பாதிதான் சாப்பிடும். தாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த நேரம் ஈடு செய்யும். ஆனால் அந்த இடைவெளியில் "பாவம் பிள்ளை" என்று அப்பம்மா பிஸ்கட் பெட்டியைத் திறந்தால் எல்லாம் போச்சு. ஆகவே அப்பம்மாவோடுதான் முதலில் கதைக்க வேண்டும்.

"ஒரு வாய் கீரை சாப்பிட்டால் ரொபி தருவன்" என்று பேரம் பேசவும் வேண்டாம். கீரை கெட்டது, ரொபி நல்லது என்று பிள்ளைக்கு நீங்களே சொல்லிக் கொடுக்கிறீர்கள். அதை விட நீங்கள் கீரையை எடுத்துச் சாப்பிடுங்கள். பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

இதையெல்லாம் செய்தும் சில நேரம் வைத்தியரிடம் போகத்தான் வேண்டும். எடைக்கோடு கீழே சாய்ந்தால், அல்லது தொடர்ந்து இரண்டு தரம் எடை கூடாமல் நின்றால், கண் இமையின் உள்பக்கமும் உள்ளங்கையும் வெளிறியிருந்தால், மண்ணையோ சுவரையோ தின்றால், விழுங்கும்போது ஒவ்வொரு தரமும் இருமினால் அல்லது திணறினால், பேசத் தொடங்கிய, சிரிக்கத் தொடங்கிய பிள்ளை திடீரென்று பின்வாங்கினால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காதீர்கள். வளர்ச்சிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். பிள்ளை கடந்த மூன்று நாள் என்ன சாப்பிட்டது என்பதை ஒரு துண்டில் எழுதி அதற்குள் வையுங்கள். பிஸ்கட்டையும் மறைக்காமல் எழுதுங்கள்.